இரண்டு பருவம், ஒரே கை

புயலைத் திருப்பிவிடுகிறவர்கள் குடியிருக்கும் இடத்தில் காற்றே கிடையாது. துவைத்துப் போட்ட துணி மறுநாளும் ஈரமாகவே தொங்கும். அமிர்தவல்லி அங்கே வேலைக்கு வந்த புதிதில் இது பெரிய வேடிக்கையாக இருந்தது. இப்போது ஒன்பதாவது வருடம். வேடிக்கையெல்லாம் எப்போதோ தீர்ந்துபோய், ஈரத் துணியை அப்படியே உடுத்திக்கொள்கிற சலிப்பு மட்டும் மிச்சம்.

நிலையம் இந்தியப் பெருங்கடலின் நடுவில், பூமத்திய ரேகையின் மேலேயே நங்கூரம் போட்டு மிதந்தது. ரேகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்ச தூரத்துக்குப் புயல் கட்டாது. பூமி சுற்றுவதால்தான் காற்றுக்கு முறுக்கு ஏறுகிறது. ரேகையில் அந்த முறுக்கு இல்லை. வடக்கே போனால் ஒரு முறுக்கு, தெற்கே போனால் அதற்கு எதிர் முறுக்கு, நடுவில் ஒன்றுமில்லை. அதனால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே நிலையம், ஒரே ஆட்கள் என்று மடைமாற்று வாரியம் முடிவு செய்திருந்தது. வடக்கே புயல் பருவம் ஓய்கிற நேரத்தில்தானே தெற்கே தொடங்குகிறது, பிறகு எதற்கு இரண்டு குழு? காகிதத்தில் பார்த்தால் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. காகிதத்துக்குத் தூக்கம் வராது, அதுதான் அதற்குச் சௌகரியம்.

வேலை என்னவோ சுலபமானதுதான். கடலின் ஆழத்திலிருந்து குளிர்ந்த நீரை உறிஞ்சி மேலே பரப்பும் குழாய்கள் வங்காள விரிகுடாவிலும், தெற்கே மொரீஷியஸ் தீவைச் சுற்றியும் மிதந்துகொண்டிருந்தன. சூடான கடல்தான் புயலுக்குத் தீனி. ஒரு பக்கம் குளிர் போட்டுத் தீனியைக் குறைத்தால் அது மறுபக்கம் சாயும். எங்கே சாயும் என்பதை இயந்திரமே கணக்குப் போட்டுக் காட்டிவிடும். ஆனால் குளிரை எந்தப் பக்கம் போடுவது, இடமா வலமா என்று சொல்கிற வாய் மட்டும் மனுஷ வாயாக இருக்கவேண்டும் என்று சட்டம். திருப்பிவிட்ட புயல் மாயமாகவா போய்விடுகிறது? யார் தலையிலாவது விழத்தான் செய்யும். அடி வாங்கியவர்கள் திட்டுவதற்கு ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் அமிர்தவல்லி. ஊரில் வல்லி.

அவளுடைய ஊர் கடலூருக்குத் தெற்கே தாழைக்குப்பம். அண்ணன் தேசிங்கு அங்கே படகு வைத்திருந்தான். அண்ணி பட்டம்மாவுக்கும் வல்லிக்கும் பேச்சு ஓய்ந்ததே இல்லை. அந்த டிசம்பரிலும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பார்த்து அண்ணி கூப்பிட்டாள்.

“ஏண்டி வல்லி, உனக்கு லீவுன்னு ஒண்ணு உண்டா இல்லியா? போன பொங்கலுக்கு வரேன்ன. அதுக்கு முந்தின பொங்கலுக்கும் வரேன்ன. பானைக்கே உன்மேல கோவம்.”

“பொங்கல் சமயத்துலதான் அண்ணி தெக்க உச்சம். நமக்கு ஐப்பசி கார்த்திகைன்னா அவங்களுக்குத் தை மாசி. நம்ம பக்கம் பனி கொட்டுறப்ப அங்க கோடை. கடல் கொதிச்சுக் கெடக்கும்.”

“சரி, சித்திரையில வா.”

“சித்திரை வரைக்கும் தெக்க ஓடும். அது முடியறதுக்குள்ள நம்ம பக்கம் வைகாசிப் புயல் தலையக் காட்டும்.”

“ஆடியில?”

“ஆடியில மேல ஒரு காத்து, கீழ ஒரு காத்துன்னு அடிக்கும். புயல் நிமிந்து நிக்க முடியாது. ஆனா அப்பதான் குழாயெல்லாம் கழுவி மாத்தணும்.”

“நல்லா இருக்குடி கதை! பூமி உருண்டையா இருக்கறதால ஊருக்கெல்லாம் லீவு உண்டு, உனக்கு மட்டும் கெடையாது.”

வல்லி சிரித்தாள். சிரித்தபோது கண் எரிந்தது. அவள் நன்றாகத் தூங்கி மூன்று நாளாகியிருந்தது. அந்த வருடம் காகிதத்தில் போட்ட கணக்கு கலைந்துபோய்விட்டது. தெற்கே பருவம் முன்கூட்டியே தொடங்கிவிட்டது; வடக்கே முடியவேண்டியது முடியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் புயல்.

“தண்டோரா போட்டுட்டுப் போனாங்க. எல்லாரும் முகாமுக்கு வரணுமாம்,” என்றாள் பட்டம்மா.

“போனீங்களா?”

“நாங்க எதுக்குப் போவோம்? நீதான் அங்க உக்காந்திருக்கியே.”

“அண்ணி, வெளையாடாதீங்க. கெளம்புங்க.”

“ஊரே சொல்லுது, நம்ம வல்லி பாத்துக்குவான்னு. உங்கண்ணன் படகை விட்டுட்டு எங்கயும் வரமாட்டேங்குறாரு. நான் மட்டும் போயி முகாம்ல கெடக்கவா? நீ சாப்ட்டியா இல்லியா, அதச் சொல்லு. நான் குடுத்த நூலு கையில இருக்கா?”

“இருக்கு.”

அந்த நூலைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊர் அம்மன் கோயிலில் பட்டம்மா வாங்கித் தந்த மஞ்சள் நூல் அது. நிலையத்தில் அதற்கு வேறொரு வேலை வந்துவிட்டது. வடக்கே புயல் போகும் திசையைப் பார்த்து நின்றால், அதன் வலப்பக்கம்தான் ஆளை அடிக்கிற பக்கம். வெறிப்பக்கம் என்பார்கள். தெற்கே எதிர் முறுக்கு என்பதால் வெறிப்பக்கம் இடது. குளிரை எப்போதும் வெறிப்பக்கத்தில் போடவேண்டும் என்பதுதான் விதி. தூக்கக் கலக்கத்தில் கடல் மாறிப்போகாமல் இருக்க வல்லி ஒரு வழி செய்தாள். வடகடலைக் கவனிக்கும் வடக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் நூல் வலக்கையில், தெற்கு நாற்காலி என்றால் இடக்கையில். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். தன் மணிக்கட்டில் தானே முடிச்சுப் போடமுடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் கட்டிவிடவேண்டும். இரண்டாவது ஆளும் ஒருமுறை யோசிக்கட்டுமே என்று அதுவே பழக்கமாகிவிட்டது. பிறகு யாரும் திரையில் எழுத்தைப் படித்துச் சொல்வதில்லை. நூலைப் பார்த்துச் சொன்னார்கள்.

வல்லிக்குக் கட்டிவிடுகிறவன் சூபேன். மொரீஷியஸ் தமிழன். அவன் பாட்டனுக்குப் பாட்டன் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர். இவன் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழைப் புத்தகம் போலப் பேசுவான். கடைசி இரண்டு நாளும் தெற்கே வந்த புயல் அவன் தீவைக் குறிவைத்திருந்தது. வல்லிதான் தெற்கு நாற்காலியில் இருந்து அதை விலக்கினாள். சூபேன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். தீவைத் தாண்டிப் புயல் போனது என்று தெரிந்ததும், “அக்கா, என் அம்மா உயிரோடு இருப்பார்கள்,” என்று சொல்லி, அப்படியே தரையில் சாய்ந்து தூங்கிப்போனான்.

வடக்கு நாற்காலியின் மணி அடித்தது. மற்றவர்கள் முறை முடிந்து தூங்கப் போயிருந்தார்கள்; அதற்கும் வல்லியே போகவேண்டும்.

வல்லி எழுந்தாள். நூல் இடக்கையில் இருந்தது. மாற்றவேண்டும். சூபேனைப் பார்த்தாள். வாயைத் திறந்துகொண்டு, ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கழன்றும் கிடந்தான். எழுப்ப மனசு வரவில்லை. பாவம், இப்போதுதான் கண்ணை மூடினான். கொஞ்சம் கழித்துக் கட்டிக்கொள்ளலாம், ஒன்பது வருடமாக இதைத்தானே செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

திரையில் இரண்டு படங்கள் இருந்தன. புயல் மேற்கே போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம், அதாவது வடக்குப் பக்கம் குளிர் போட்டால் பலம் குறைந்து, தெற்கே சாய்ந்து நாகப்பட்டினம் பக்கம் ஏறும். இடப்பக்கம் போட்டால் நாகப்பட்டினம் தப்பும். புயல் பலம் குறையாமல் வடக்கே சாய்ந்து தாழைக்குப்பத்தின் மேல் ஏறும். அங்கே ஜனம் அதிகம், அடி குறைவு. இங்கே ஜனம் குறைவு, அடி அதிகம். இரண்டிலும் சேதம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றது இயந்திரம். முடிவை மனுஷியிடம் விட்டது.

வல்லிக்கு அழுகையே வந்துவிட்டது. துக்கத்தால் இல்லை, நிம்மதியால். வெறிப்பக்கத்தில் குளிர் போடு என்கிறது விதி. வெறிப்பக்கம் ஊர் இருக்கும் பக்கம். அப்படியென்றால் விதியே ஊரைக் காப்பாற்றுகிறது, நான் யாரையும் தேர்ந்தெடுக்கவேண்டியதில்லை, அண்ணியை நாகப்பட்டினத்து ஜனத்தோடு தராசில் வைக்கவேண்டியதில்லை. அம்மா தாயே, தப்பித்தேன் என்று கையைக் கும்பிட்டாள். கும்பிட்ட கையில் நூலைப் பார்த்தாள். நூல் இருந்த கையைச் சொன்னாள்.

“இடம்.”

உறுதியா என்று கேட்டது இயந்திரம்.

“உறுதி,” என்று சொல்லிவிட்டு மேசைமேலேயே தலையைச் சாய்த்தாள். அவ்வளவு நல்ல தூக்கம் அவளுக்கு வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

சூபேன் அவள் தோளைப் பிடித்து உலுக்கியபோது வெளியே வெயில் சாய்ந்திருந்தது. அவன் திரையைப் பார்த்தான். அவள் இடக்கையைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். பரப்பிய குளிரைக் கடலிலிருந்து திரும்ப அள்ள முடியாது. புயல் ஏற்கெனவே வடக்கே சாயத் தொடங்கியிருந்தது. வல்லி தாழைக்குப்பத்துக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

சூபேன் அவள் எதிரில் மண்டியிட்டு, இடக்கை முடிச்சை அவிழ்த்து, நூலை வலக்கையில் கட்டினான்.

“யாரும் பார்க்கவில்லை அக்கா. நான் சொல்லமாட்டேன்.”

தாழைக்குப்பத்தில் பதினோரு பேர் செத்தார்கள். அதில் பட்டம்மா ஒருத்தி.

அதன்பிறகு நடந்ததுதான் அநியாயம். வல்லியை யாரும் திட்டவில்லை. சொந்த ஊரைக் கொடுத்து நாகப்பட்டினத்தைக் காப்பாற்றிய தெய்வம் என்று கொண்டாடினார்கள். எல்லாத் திரைகளிலும் அவள் முகம். நாகப்பட்டினத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு அமிர்தவல்லி என்று பேர் வைத்தார்கள். விசாரணை என்று ஒரு நாள் உட்கார்ந்தவர்கள், “இதில் கேட்பதற்கு என்னம்மா இருக்கிறது?” என்று எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வல்லி வாயைத் திறக்கப் பார்த்த ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் அழுதார்கள். அழுகிறவர்களுக்கு முன்னால் அவளால் பேசமுடியவில்லை.

பதினாறாம் நாள் கழிந்து ஊரில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. வாரியத் தலைவர் சேஷகிரி அவளைத் தன் காரிலேயே கூட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான், வழியெல்லாம் அவளுக்குத் தண்ணீர் வேண்டுமா, வேண்டுமா என்று கேட்டார்.

“நீங்க பேச வேண்டாம்மா, மேடையில நின்னாப் போதும். ‘இரண்டு பருவம், ஒரே கை’ன்னு உங்க படத்தப் போட்டு பேனர் அடிச்சிருக்கோம். கூடுதல் ஆள் வேணும்னு போன வருஷம் ஒரு கோரிக்கை வந்துது, ஞாபகம் இருக்கா? இனிமே யாரும் கேக்கமாட்டாங்க. உங்களமாதிரி ஒருத்தர் ரெண்டு பக்கத்தையும் தாங்குறப்ப என்ன பேச்சு? வர்ற வருஷம் பசிபிக்கையும் நம்மகிட்டயே தரப்போறாங்க.”

“அங்க வடமேற்குப் பக்கம் வருஷம் பூரா புயல் கட்டும் சார். பருவமே கெடையாது.”

“அதனாலென்ன? இடைவெளியில்லாம வேலை ஓடும்.”

வல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போது தெற்கு நாற்காலியில் சூபேன் தனியாக உட்கார்ந்திருப்பான். அவன் கையில் யார் நூல் கட்டியிருப்பார்கள்?

ஊரில் வீடுகளைவிடத் தார்ப்பாய்கள்தான் அதிகம் தெரிந்தன. அவளைப் பார்த்ததும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். கூட விளையாடி, கூடச் சண்டை போட்டவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருத்தி ஓடிவந்து காலைத் தொட்டாள். யாரும் “எப்ப வந்த?” என்று கேட்கவில்லை.

கூட்டத்துக்கு நேரம் இருந்தது. வல்லி தலைவரிடம் சொல்லிக்கொண்டு கரைக்குப் போனாள். தேசிங்கு பிளந்துகிடந்த படகின் நிழலில் உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு இந்தப் படகைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் அவன் பிழைத்தான். பட்டம்மா அவனுக்குச் சாப்பாடு கொண்டுவரும் வழியில் போனாள். தங்கையைப் பார்த்ததும் அவன் எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

“வாங்க,” என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் வாயில் அவள் கேட்காத வார்த்தை அது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

“அண்ணே, என்ன வாங்கங்குற?”

“பின்ன எப்படிக் கூப்புடறது? பெரிய காரியம் பண்ணியிருக்கீங்க. ஊரே சொல்லுது. நாகப்பட்டினத்துலேருந்து ஜனங்க வந்து என் கையப் புடிச்சு அழுவுறாங்க. உங்க பொண்டாட்டி எங்க புள்ளைங்களுக்காகப் போனவங்கன்னு சொல்றாங்க. நானும் ஆமாம்னு தலைய ஆட்டுறேன்.” அவன் மணலைப் பார்த்துக்கொண்டே பேசினான். “செஞ்சது நியாயம்தான். நான் ஒண்ணும் கேக்கல.”

இந்தத் தலையாட்டலையும் பிடுங்கிக்கொண்டால் இவனிடம் வேறு என்ன இருக்கும்? ஒன்றுமில்லாததற்குச் செத்தாள் உன் மனைவி என்று எந்த வாயால் சொல்வது? பேசாமல் மேடையேறி நின்றுவிட்டுப் போய்விடலாம். அவளுக்கு அவ்வளவு அலுப்பாக இருந்தது. அப்போது வலக்கையில் இருந்த நூல் கண்ணில் பட்டது.

“நான் ஊரக் குடுக்கலண்ணே,” என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“ஊரக் காப்பாத்தத்தான் பாத்தேன். வலதுன்னு சொல்லணும். எடதுன்னு சொல்லிட்டேன். அப்பத்தான் தெக்கு நாக்காலியிலேருந்து எந்திரிச்சு வந்தேன், அங்க எல்லாம் எடது. நூல மாத்திக் கட்டணும். கட்டிவிடுறவன் தூங்கிக்கிட்டிருந்தான், எழுப்ப மனசு வரல. கைய மாத்திச் சொல்லிட்டேண்ணே. ஊரு பொழச்சுதுன்னு நெனச்சுக் கும்புட்டுக்கிட்டே சொன்னேன். சொல்லிட்டுத் தூங்கிட்டேன்.”

தேசிங்கின் முகம் கோணிக்கொண்டது.

“தூங்கிட்டியா?”

“ஆமா.”

“ஒருத்தன எழுப்பியிருந்தா அவ இருந்திருப்பா.”

“ஆமாண்ணே.”

“அடிப் பாவி!” அவன் படகின் விளிம்பை ஓங்கிக் குத்தினான். மறுபடியும் குத்தினான். கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. வல்லி பிடிக்கப் போனாள், உதறினான். அடிக்கட்டும், என்னவேண்டுமானாலும் செய்யட்டும் என்று அவள் அப்படியே நின்றாள். ஆனால் அவன் கை தானாகவே இறங்கிவிட்டது. வேறு ஏதோ ஒன்று அவனுக்கு அப்போதுதான் எட்டியதுபோல அவளைப் பார்த்தான்.

“இரு. அப்ப நீ எங்கள வேணாம்னு சொல்லல?”

“இல்லண்ணே.”

“அவங்கள ஒரு பக்கம் வச்சு, எங்கள ஒரு பக்கம் வச்சுப் பாத்து, இவங்க போனாப் போறாங்கன்னு நீ சொல்லல?”

“சத்தியமா இல்ல. உங்களத்தான் நெனச்சேன்.”

தேசிங்கு மணலில் பொத்தென்று உட்கார்ந்து அழுதான். பெண்டாட்டியை எடுத்துப் போட்ட அன்றைக்குக்கூட அவன் அழவில்லை என்று ஊரில் சொல்லியிருந்தார்கள். இப்போது வாய்விட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். “தெனமும் நெனச்சேன்டி,” என்றான். “உன்னத் தூக்கி வளத்தவன் நான், அவ உனக்குத் தலவாரி விட்டவ, எங்கள எப்படிடி வேணாம்னு சொல்ல வாய் வந்துச்சுன்னு. வர்றவன் போறவன் எல்லாம் தியாகம் தியாகம்னு சொல்றப்ப எனக்கு வயிறு எரிஞ்சுது. யாருகிட்ட சொல்லுவேன்?”

வல்லி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அழவேண்டும் போலிருந்தது. அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து மைக் சோதிக்கும் சத்தம் கேட்டது. அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.

“மேடையில சொல்லப்போறேண்ணே. சொன்னா எல்லாம் போயிடும். வேல போயிடும். கேஸ் போடுவாங்க. நாகப்பட்டினத்துல அந்தக் கொழந்தைக்குப் பேர மாத்துவாங்க. நம்ம ஜனம் என்னக் காறித் துப்பும்.”

“துப்பட்டும்,” என்றான் தேசிங்கு. தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். “நானும் உன்னத் திட்டத்தான் போறேன், சாவுற வரைக்கும் திட்டுவேன். ஆனா நீ சொல்லணும். செத்தவங்க வீட்ல எல்லாம் இதையேதான் நெனச்சுக்கிட்டுக் கெடக்காங்க. யாரும் அவங்கள வேணாம்னு தள்ளலன்னு அவங்க காதால கேக்கட்டும்.”

அவன் எழுந்து, ரத்தம் வழிந்த கையை அவளிடம் நீட்டினான்.

“வாடி,” என்றான்.